காலடிப் பாடம்

எண்பத்தைந்து வயதைக் கடந்த என் அத்தா, சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு வைகறையில் வழுக்கி விழுந்தார். பஜ்ருத் தொழுகைக்காக முற்றத்துக் குழாயடியில் ஒளுச் செய்துகொண்டிருந்தவர், வலக்காலைக் கழுவி முடித்துவிட்டு இடக்காலைத் தூக்கியிருக்கிறார். அவ்வளவுதான். ஓசை கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, குழாயைப் பற்றியபடி ஈரத் தரையில் அமர்ந்திருந்தார். காங்கயத்துக்கு அழைத்துச் சென்று படம் எடுத்தோம். எலும்பு எதுவும் முறியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வீடு திரும்பினோம்.

எலும்பு தப்பியது, துணிவு தப்பவில்லை. மறுநாளிலிருந்து அத்தாவின் நடை மாறிவிட்டது. தெருமுனையில் அவர் வரும்போதே செருப்போசையைக் கொண்டு இன்னார் வருகிறார் என்று அறிந்துகொண்ட குடும்பம் எங்களுடையது. அந்த ஓசை அடங்கி, உள்ளங்கால் தரையை விட்டு எழாமல் இழுபடும் ஓசை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அடிக்கும் அடிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. எதிரே பார்க்க வேண்டிய கண்கள் கால் விரல்களையே பார்த்தன. ஒரு கை சுவரைத் தேடியது. சுவரில்லாத இடத்தில் கதவை, கதவும் இல்லாத இடத்தில் பேரனின் தோளை. முதலில் பஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்வது நின்றது. பிறகு இஷா நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை அணிந்து, அத்தர் தடவிக்கொண்டு திண்ணை வரை வந்தவர், கீழிருந்த மூன்று படிகளைப் பார்த்தவாறு சற்று நேரம் நின்றார். பிறகு, "ஜும்ஆவுக்கு நீ மட்டும் போய் வா தம்பி" என்றார். அன்றைய குத்பாவில் இமாம் என்ன சொன்னார் என்பது என் நினைவில் இல்லை.

தொழுது திரும்பும் வழியில், படியின் மேல் நின்ற அத்தாவின் தோற்றமே கண்ணில் நின்றது. ஒரு கால் பாதி எழுந்திருந்தது. உடலோ அந்தக் கால் இறங்குமுன்பே முன்னால் சாய்ந்திருந்தது. அந்தப் பிழையை நான் அறிவேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே பிழைக்காக நாள்தோறும் ஏச்சு வாங்கியவன் நான். "காலை முதலில் வை, எடையைப் பிறகு கொடு" என்ற கட்டளை, யாரோ பின்னாலிருந்து சொன்னதுபோல் காதில் விழுந்தது.

1973இல் வெளிவந்த புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' திரைப்படம் சில ஆண்டுகள் கழித்துத் தேய்ந்த படச்சுருளாக எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. வெள்ளகோவில் அன்று பெரியார் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் என்று ஒன்று தோன்றியதே 2009இல்தான். கோவை–திருச்சி நெடுஞ்சாலையின் இருபுறமும் அரிசி ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும், தெருக்களுக்குள் நுழைந்தால் விசைத்தறிகளின் இடைவிடாத சத்தமும் நிறைந்த ஊர். அந்தப் படம் வந்து போன பிறகு, ஊர் இளைஞர்கள் பாதிப்பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காற்றை உதைத்துத் திரிந்தோம்.

அந்நாளில் எங்களுக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் வேலை பார்த்தவர். கட்டிங் மாஸ்டரே குங்ஃபூ மாஸ்டராகவும் இருந்ததால் எங்களுக்கு அழைக்கும் பெயரில் குழப்பம் இல்லை. ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் வந்து இறங்குவார். ஓர் அரிசி ஆலையின் நெற்களம்தான் எங்கள் பயிற்சிக்கூடம். அவித்த நெல்லைக் கொண்டுவந்து கொட்டுமுன் நாங்கள் களத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

உதையும் குத்தும் கற்கச் சென்ற எங்களை அவர் நிற்க வைத்தார். நிற்க மட்டுமே வைத்தார். கால்களை அகல வைத்து, நாற்காலியில் அமர்வதுபோல் தொடையைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி நிற்பதைச் சீனத்தில் 'மா பு' என்பார்கள். குதிரை நிலை என்று பொருள். குதிரையின் மேல் அமர்ந்தவனின் கால்கள் எப்படி இருக்குமோ அப்படி. இராவுத்தர் என்ற எங்கள் குலப்பெயருக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள் சொல்வார்கள். ஆயினும் முதல் நாளில் அந்த இல்லாத குதிரையின் மேல் என்னால் இரண்டு நிமிடங்கள் அமர முடியவில்லை. தொடை நடுங்கிற்று, வியர்வை கண்ணில் இறங்கிற்று.

அதன்பின் 'கொங் பு' எனும் வில் நிலை: முன் கால் மடங்க, பின் கால் நாணேற்றிய வில்லைப்போல் நீண்டு நிற்பது. அதற்கடுத்து 'ஷூ பு' எனும் வெற்று நிலை. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். என் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது. வெற்று நிலையில் உடலின் எடை ஏறத்தாழ முழுவதும் பின் காலில் தங்குகிறது. முன் காலின் விரல்நுனி தரையைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். அதில் எடையே இல்லாததால், எந்தக் கணத்திலும் அதைத் தூக்கலாம், திருப்பலாம், பின்னுக்கு இழுக்கலாம். எதிரி கால் வாரினாலும் உடல் சாயாது, வாரப்பட்டது வெறுங்கால்தானே! எடையுள்ள காலை 'நிறைகால்' என்றும் எடையற்றதை 'வெறுங்கால்' என்றும் எங்கள் மாஸ்டர் தமிழ்ப்படுத்தி வைத்திருந்தார். ஒவ்வோர் அடியிலும் எது நிறை, எது வெறுமை என்று அறிந்திருப்பவன் விழமாட்டான் என்பது அவருடைய பாடம். செங்கற்களைப் படுக்கை வசத்தில் வட்டமாக அடுக்கி அவற்றின் மேல் நடக்கச் சொல்வார். அது பழகியதும் அதே செங்கற்களைப் பக்கவாட்டில் குத்திட்டு நிறுத்துவார். பாதத்தை முழுவதும் பதித்து, செங்கல் அசையாதென்று தெரிந்த பிறகே உடலை அதன் மேல் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் கல்லும் சாயும், நாமும் சாய்வோம்.

அந்தக் களத்தில் நெல் கிளற வரும் பெண்கள் நாங்கள் கல்லிலிருந்து விழுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சுடுகிற களத்தில் நெல்லைக் காலாலேயே வரிவரியாகத் துழாவிக்கொண்டு, தலையில் கூடையோடு அவர்கள் நடந்து போவதை மாஸ்டர் சுட்டிக்காட்டி, "இவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தது?" என்று கேட்பார். அந்த வயதில் அது எங்களுக்கு ஏச்சாகவே பட்டது.

அத்தாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. "சீனத்து வித்தை நமக்கெதற்கு? அடிக்கவா போகிறாய், அடி வாங்கவா?" என்பார். அன்று என்னிடம் விடை இல்லை. பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விடையை இங்கே சொல்லிவிடுகிறேன். சீனாவில் ஹுய் எனப்படும் முஸ்லிம்கள் ஒரு கோடிக்கும் மேல் வாழ்கிறார்கள். சீன மொழியே பேசும் அம்மக்கள், அந்நாட்டுத் தற்காப்புக் கலைகளில் சிலவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வளர்த்தவர்கள். பாஜிச்சுவான் எனும் முறை ஹெபெய் மாநிலத்தின் சாங்ஜோ வட்டாரத்தில், மெங்சுன் என்னும் ஹுய் மக்களின் ஊரில் வேரூன்றியது. சாச்சுவான் என்னும் மற்றொரு முறையும் ஹுய் மக்களின் பெயரோடு பிணைந்ததே. 'தான்துய்' எனப்படும் துள்ளுகால் பயிற்சியில் பத்து வரிசைகள் கொண்ட பிரிவை, முஸ்லிம்களின் தான்துய் என்றே சீனர்கள் குறிப்பிடுகிறார்கள். அதில் உதை இடுப்புக்கு மேல் எழுவதில்லை. உயர உதைத்துக் கைத்தட்டல் வாங்குவதைவிட, உதைத்த கால் திரும்பி வரும் வரையில் நின்ற கால் அசையாதிருப்பதே அங்கே பெரிது.

அதே சாங்ஜோவில் 1881இல் பிறந்த ஹுய் முஸ்லிம் வாங் ஸீபிங். 1928இல் நான்ஜிங் நகரில் மத்திய குவோஷு நிலையம் தொடங்கப்பெற்றபோது, அதன் ஷாவ்லின் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். எலும்பு முறிவு மருத்துவத்திலும் கைதேர்ந்தவர். முதுமையிலும் பயிற்சியை விடாமல், நோய் நீக்கி ஆயுள் வளர்க்கும் இருபது உடற்பயிற்சிகளைத் தொகுத்து நூலாகத் தந்தார். 1960இல் சூ என்லாய் பர்மா சென்றபோது உடன் சென்ற கலைஞர் குழுவில் எண்பதை நெருங்கிய இந்தப் பெரியவரும் இருந்தார். 1973இல் காலமானார். அவருடைய மகள் வாங் ஜூரோங் பின்னாளில் பேராசிரியையாக இக்கலையைக் கற்பித்தார்.

காஞ்சிபுரத்துப் போதிதருமர்தான் சீனருக்குச் சண்டைக்கலை கற்பித்தார் என்று பெருமை பேசுவோர் நம்மிடையே உண்டு. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் ஓங்கியது. போதிதருமரை அக்கலையோடு இணைக்கும் நூல் அவருக்கு ஓராயிரம் ஆண்டுகள் பிற்பட்ட 17ஆம் நூற்றாண்டினது. ஆய்வாளர்கள் அதை வரலாறாக ஏற்பதில்லை. நமக்குப் பெருமை வேண்டுமானால் சிலம்பம் இருக்கிறது. அதிலும் கம்பைக் கையில் கொடுக்குமுன் காலடிதான் கற்பிக்கிறார்கள். எங்கிருந்து எங்கே போயிற்று என்ற வழக்கை நடத்துவதைவிட, இரு நாட்டு ஆசான்களும் காலிலேயே தொடங்கினார்கள் என்பதைக் கவனிப்பது பயன் தரும்.

இவ்வளவும் இன்று சொல்கிறேன். அன்று எனக்குப் பொறுமை இல்லை. ஏழு மாதங்கள் நின்றும் நடந்தும் சலித்து, வகுப்பை விட்டேன். சில வாரங்களில் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றில், பந்தலுக்குப் பின்புறம் கூடியிருந்த பையன்களுக்கு முன் பறந்து உதைத்துக் காட்டினேன். பறந்தது நன்றாகவே இருந்ததாம். இறங்கும்போது கால் மடங்கி, முழங்கால் புரண்டு, ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்தேன். மாஸ்டர் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழங்களைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "பறந்தது சரி, இறங்குவதற்கு இடம் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். அந்த முழங்கால் மழைக்காலத்தில் இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

அத்தாவின் நிலை கண்டபின் நான் இவற்றையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நாம் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் தேவை என்கிறது மருத்துவம்: கண், உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, உள்ளங்காலும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு. முதுமையில் மூன்றும் மங்குகின்றன. இருளில் கண்ணின் சாட்சியம் அறவே இல்லாமல் போகிறது; அத்தா வைகறையில் விழுந்ததில் வியப்பில்லை. இதைவிட என்னை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. ஒரு முறை விழுந்தவர் அச்சத்தால் அடியைக் குறுக்குகிறார், உடலை விறைக்கிறார், நடமாட்டத்தைக் குறைக்கிறார். அதனால் தொடையும் கணுக்காலும் வலுவிழக்க, அடுத்த வீழ்ச்சிக்கு அவரே வழி செய்துவிடுகிறார். நாங்களோ அத்தாவை உட்கார வைத்து, எல்லாவற்றையும் அவர் கைக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அன்பின் பெயரால் அந்த வழியை அகலமாக்கிக்கொண்டிருந்தோம்.

சீனத்துத் தாய்ச்சி, இந்த நிறைகால் வெறுங்கால் பாடத்தையே மிக மெதுவாகச் செய்து பழகும் கலை. 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்த 200 பேரைக் கொண்டு அட்லாண்டாவில் நடத்திய ஆய்வு 1996இல் வெளிவந்தது. பதினைந்து வாரங்கள் தாய்ச்சி பழகியவர்கள் மீண்டும் மீண்டும் விழும் அபாயம் 47.5 விழுக்காடு குறைந்தது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் தணிந்தது. கணினிக் கருவியின் மேல் நின்று சமநிலை பழகிய குழுவுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. 2005இல் ஆரிகனில் 70 முதல் 92 வயது வரையுள்ள 256 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், வாரம் மூன்று முறை வீதம் ஆறு மாதம் தாய்ச்சி பழகியவர்களிடையே நேர்ந்த வீழ்ச்சிகள் 38. கை கால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடையே 73.

மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். வாசகர்களும் அப்படியே செய்க; முதியவரைக் குதிரை நிலையில் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அத்தாவை இணங்க வைப்பது மருத்துவரை இணங்க வைப்பதைப்போல் எளிதாக இல்லை.

"இந்த வயதில் எனக்குச் சண்டை சொல்லித்தரப் போகிறாயா?"

"சண்டை இல்லைங்க அத்தா, நடைதான்."

"நடக்க எனக்கு என் உம்மா சொல்லித் தந்தாச்சு."

நான் அவர் முன் நின்று செய்து காட்டினேன். ஒரு காலில் எடையை ஏற்றி, மற்றக் காலை வெறுமையாக்கி, குதிகாலை முன்னால் வைத்து, பாதம் முழுதும் படிந்த பிறகு எடையை மெல்ல அதற்கு மாற்றினேன். நிறை, வெறுமை என்றெல்லாம் விளக்கினேன். அத்தா வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதையோ நினைத்தவராய், "நாடா கரை சேர்ந்த பிறகுதானே மிதியை மாற்றணும்?" என்றார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விசைத்தறி வருமுன் அத்தா குழித்தறி நெய்தவர். குழியில் கால்களை விட்டு அமர்ந்து ஒரு மிதியை அழுத்தினால் பாவு இழைகள் மேலும் கீழுமாய்ப் பிரிந்து வழிவிடும். அந்த வழியே நாடா ஊடையை இழுத்துக்கொண்டு மறுகரைக்குப் போக வேண்டும். அது சேருமுன் அவசரப்பட்டு மறு மிதியை அழுத்தினால், வழி மூடிக்கொண்டு நாடா நடுவில் சிக்கும், இழைகள் அறும். அப்புறம் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு கால் அழுத்த, மறு கால் காத்திருக்க, பதினெட்டு ஆண்டுகள் அப்படி நெய்த மனிதரிடம் நான் சீனத்துப் பெயர்களைச் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எங்கள் பாடத்தில் தறிமொழிதான். சமையற்கட்டின் மேடையை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, பின்னால் ஒரு நாற்காலியும் போட்டுவைத்து, காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடங்கள். "மிதி… நாடா போகட்டும்… இப்போது மாற்று" என்று அவரே தமக்குச் சொல்லிக்கொள்வார். முதல் இரண்டு வாரங்கள் கால் நகர்ந்ததேயன்றி எடை நகரவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் சினந்து நிறுத்திவிட்டார். ஐந்து நாட்கள் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆறாம் நாள் என் மனைவி சமையற்கட்டிலிருந்து சைகை காட்டினாள். எட்டிப் பார்த்தேன். அத்தா தனியாக மேடையைத் தொட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். இரண்டு மாதங்கள் கழிந்தபின், மேடையை முழங்கையால் பற்றாமல் இரண்டு விரலால் தொட்டால் போதும் என்ற நிலை வந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு எட்டு முறை, அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

வீட்டையும் சற்றுத் திருத்த வேண்டியிருந்தது. குழாயடியில் சொரசொரப்பான கல் பதித்து, சுவரில் இரும்புக் கைப்பிடி ஒன்று பொருத்தி, முற்றத்தில் இரவெல்லாம் எரியும் ஒரு விளக்கு போட்டேன். இவற்றைப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தோன்றாதது, விழுந்தபின்தான் தோன்றியது.

இப்போது அத்தா அஸருக்கும் மக்ரிபுக்கும் பள்ளிவாசல் போகிறார். கையில் தடி உண்டு. பேரன் இரண்டடி பின்னால் வருவான். திண்ணைப் படிகளை ஒவ்வொன்றாக, இரு காலையும் ஒரே படியில் சேர்த்துவிட்டு இறங்குகிறார். பழைய செருப்போசை திரும்பவில்லை. இழுபடும் ஓசை மட்டும் குறைந்திருக்கிறது. பஜ்ரை இன்னும் வீட்டிலேயே தொழுகிறார். இருட்டில் போக வேண்டாம் என்று நானும் வற்புறுத்துவதில்லை. ஜும்ஆவுக்கு முதல் முறையாகத் திரும்பச் சென்ற அன்று, வாசலில் பலர் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். "தறியில் கொஞ்சம் இழை அறுந்துபோச்சு, முடிந்துகொண்டேன்" என்றார்.

போன வாரம் அஸருக்கு முன் அவர் ஒளுச் செய்வதைக் கண்டேன். இத்தனை மாதங்களாகக் குழாயடியில் ஒரு முக்காலியில் அமர்ந்துதான் கால் கழுவி வந்தார். அன்று முக்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றார். கைப்பிடியைப் பற்றி வலக்காலைக் கழுவி முடித்தார். பிறகு எடை வலப்புறம் போவது முதுகிலேயே தெரிந்தது. சற்றுக் காத்திருந்தார். இடக்கால் மெல்ல எழுந்தது. நான் அறியாமலே ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்தபடி அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சும்மா நிற்காதே தம்பி, தண்ணீர் வீணாகப் போகுது; குழாயைக் கொஞ்சம் திருகு" என்றார்.